ஜக்குவுக்கு எந்தச் சோப்பு?

கையுறை மூட்டையைப் பிரிக்கும்போதே அது எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று பேச்சியம்மாள் சொல்லிவிடுவாள். கியர் வெட்டுகிற இடத்துக் கையுறை புளித்த மோர் மாதிரி நாறும். இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் ஷாப் மூட்டையில் கருகல் வாசம் வரும். பெயிண்ட் அடிக்கிற இடத்து மூட்டை என்றால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கண் எரியும்.

ஓசூரைச் சுற்றியிருக்கும் சின்னப் பட்டறைகளில் பருத்திக் கையுறையை ஒரு தடவை போட்டுவிட்டு எறிவதில்லை. துவைத்துத் துவைத்து, விரல் நுனி கிழிகிற வரைக்கும் போடுவார்கள். புருஷன் மாடசாமி வேலை பார்க்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் ஒருநாள் சூப்பர்வைசர், "இதத் தொவச்சுக் குடுக்க ஆள் இருக்கா?" என்று கேட்க, மாடசாமி வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு மூட்டையோடு வந்து நின்றான். அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பேச்சியம்மாள் அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் துவைத்தாள். அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது ஏழெட்டுப் பட்டறைகளின் கைகள் அவளிடம் வந்து போகின்றன.

கைகள் என்றுதான் அவள் சொல்வாள். "இன்னைக்கு நெறையக் கை கெடக்கு, காயப் போட ஒத்தாசைக்கு வாங்க" என்பாள். பேரிகை ரோட்டில் ஏரிக்கரையை ஒட்டின அந்த ஊருக்கு அவர்கள் குடிவந்த புதிதில், விடியக்காலைப் பனியில் பின்பக்கம் வந்த வீட்டுக்காரம்மா சென்னம்மா, கம்பிக் கொடி முழுக்க விரலை விரித்துக்கொண்டு தொங்கிய கையுறைகளைப் பார்த்துச் சாணிக் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பேய் என்று நினைத்துவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பெண்களும் சிநேகிதமானார்கள்.

சென்னம்மா ஆனேக்கல் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவள் புருஷன் நாராயணப்பன் ராகியும் கொத்தமல்லியும் ரோஜாவும் போடுகிற விவசாயி. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக ஐந்து அறை கட்டி, கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பேச்சியம்மாள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அறை இல்லை. பெரிய தண்ணீர்த் தொட்டி, காயப்போடத் திறந்த வெளி. ஓசூர் டவுனில் இது இரண்டுமே கனவு.

நாராயணப்பனுக்கும் பேச்சியம்மாளுக்கும் நடுவில் தகராறு என்று இருந்தால் அது நுரைதான். கையுறையை முதலில் உருளைக்கு நடுவில் விட்டு எண்ணெயைப் பிழிவாள். பிழிந்த எண்ணெய் ஒரு இரும்பு டிரம்மில் சேரும். பழைய ஆயில் வியாபாரி வந்து எடுத்துப்போவான். பிறகு சுடுதண்ணீரில் மூட்டைத் தூளை, அதாவது மூட்டையாக விற்கிற மலிவுச் சோப்புத்தூளை, கொட்டி ஊறவைத்து மிதிப்பாள். அந்தத் தண்ணீர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய்க் கொத்தமல்லிப் பாத்தியில் நிற்கும்.

"ஏம்மா, என் கொத்துமல்லிய நீ கொழம்புக்குப் போடறியா, இல்ல தொவச்சுக் காயப்போடறியா?" என்று நாராயணப்பன் கேட்பார். ஓரத்துச் செடிகள் மஞ்சள் அடித்திருப்பது உண்மைதான்.

"வாய்க்கால அந்தப் பக்கம் திருப்பித் தாங்க அண்ணாச்சி, நான் ஏன் உங்க பாத்திக்கு விடுதேன்?"

"பண்டிக முடியட்டும், பாக்கலாம்."

தைப் பொங்கல் முடிந்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா. பொங்கலைச் சொல்லித் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அதற்கப்புறம்தான் நடக்கும்.

நாராயணப்பன் வீட்டு எருதின் பெயர் ஜக்கு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் கன்றாகப் பிடித்து வந்தது. தும்பைப்பூ வெள்ளை. சென்னம்மாவுக்கு ஒரே மகள், அவளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மகளுக்குச் செய்யாததையெல்லாம் ஜக்குவுக்குச் செய்தாள். ஊறவைத்த கொள்ளும் பருத்திக்கொட்டையும் வெல்லமும் கையில் வைத்து ஊட்டுவாள். கன்னடத்தில்தான் பேசுவாள். தமிழில் கூப்பிட்டால் ஜக்கு காதைக்கூட ஆட்டாது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் அது நடந்தது.

பனி அடர்ந்திருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த மாடசாமி, உருளைக்கு அடியில் தேங்கியிருந்த எண்ணெயை டிரம்மில் கொட்டிவிட்டு, மூடியைப் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். கொட்டகையில் கட்டியிருந்த ஜக்குவுக்குக் கழுத்தில் அரிப்பு. கயிற்றின் நீளத்துக்கு நகர்ந்து வந்து, தேய்க்கத் தோதாக இருந்த டிரம்மில் கழுத்தை வைத்துத் தேய்த்திருக்கிறது. டிரம் சாய்ந்தது. சத்தத்தில் மிரண்டு துள்ளியதில் கால் வழுக்கி, கொட்டிய எண்ணெயிலேயே விழுந்து, எழ முயன்று மறுபடி விழுந்து புரண்டு எழுந்து நின்றது.

டமார் என்ற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். பனிக்குள் ஒரு கறுப்பு எருது நின்றுகொண்டிருந்தது.

"யாரூட்டு மாடு இது?" என்றார் நாராயணப்பன்.

சென்னம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு பக்கம் கொம்பிலிருந்து வால் வரை தார் பூசியது போல இருந்தது. மறுபக்கத்தில் கழுத்தும் தொடையும் கறுப்பு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும் திருதிருவென்று விழித்தன. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு சாணிமேட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நாராயணப்பன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாய்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்தார். பக்கத்தில் சுவரோரம் சாத்தி வைத்திருந்த மூடியைப் பார்த்தார். கைலியோடு எழுந்து வந்து நின்ற மாடசாமியைப் பார்த்தார்.

"பண்டிக முடிஞ்சதும் ஊட்டக் காலி பண்ணிடுங்க" என்றார். "ரெண்டு பேரும். டிரம்மு, மூட்ட, எல்லாத்தியும் எடுத்துக்கிட்டு."

மாடசாமி வாயைத் திறந்தான். பேச்சியம்மாள் அவன் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டான்.

வீடு போனால் தொட்டி போகும், வெளி போகும், துவைப்புப் போகும். இதெல்லாம் அவள் மனதில் ஓடாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், ஜக்கு தலையைத் திருப்பித் தன் விலாவை நக்கப் போனதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! நக்க விடாதீங்க! வெசம் அது!" என்று பாய்ந்துபோய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள். அதுவரைக்கும் அவள் அந்த எருதின் பக்கத்தில் போனதே இல்லை.

சென்னம்மா எழுந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். நாராயணப்பன் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் காவேரிப்பட்டினம் பக்கம் ஏதோ முகாமில் இருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் இரைச்சலோடு வந்தது.

"நக்கக் கூடாது, அது மொதல் விஷயம். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதையும் கிட்டக் கொண்டு போகாதீங்க, தோல் வெந்துரும். சமையல் எண்ணெயத் தடவி ஊற வெச்சுத் தொடைங்க. அப்பறம் காரம் இல்லாத சோப்பாப் பாத்துக் கழுவுங்க. நெறையத் தண்ணி. கண்ணுல படாம. சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்."

"நாளைக்கு விடலாமா சார்?"

"மொதல்ல கழுவுங்கய்யா!"

காரம் இல்லாத சோப்பு என்றால் எது என்று அவர் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நாராயணப்பன் பாதிதான் காதில் வாங்கினார். எண்ணெயைப் போக்க எண்ணெய் தடவுவதாவது? உள்ளே போய் மஞ்சள் பார் சோப்பை நீளக்கட்டியாகவே எடுத்து வந்தார். தொட்டித் தண்ணீரை ஊற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜக்குவின் முதுகில் தேய் தேய் என்று தேய்த்தார். நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி சாம்பல் நிறத்தில் திப்பி திப்பியாக வந்தது. அது எண்ணெயோடு சேர்ந்து மயிரில் பட்டி பார்த்தது போல ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஜக்குவின் முதுகு பூச்சுவேலை பாதியில் நின்ற சுவர் மாதிரி ஆனது.

"ஏன்ரீ இது!" என்று சென்னம்மா கன்னடத்தில் அலறினாள்.

அடுத்த அறையில் குடியிருந்த மோகனப்ரியா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். பிளேட்டிங் கம்பெனி ஒன்றில் லேபில் இருக்கிறாள். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டியபடியே எருதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"பார் சோப்பா போட்டீங்க? நம்ம போர்த் தண்ணியிலயா?"

"அதுக்கென்ன?"

"அங்கிள், நம்ம தண்ணி பூரா சுண்ணாம்பு. சோப்புன்னா என்ன தெரியுமா, அதுக்கு ரெண்டு கை. ஒரு கை எண்ணெயப் பிடிக்கும், ஒரு கை தண்ணியப் பிடிக்கும். ரெண்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். இந்தத் தண்ணியில போட்டா, அது எண்ணெயப் பிடிக்கறதுக்கு முன்னாடி சுண்ணாம்பப் பிடிச்சுக்கும். அதான் இப்படித் திரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் டிடர்ஜென்ட்னு வேற தினுசாப் பண்றாங்க. அது உப்புத் தண்ணியிலயும் வேலை செய்யும்."

"அப்ப இவங்க மூட்டத் தூளு?" என்றார் நாராயணப்பன். "அது டிடர்ஜென்ட்டு தான? கையொறையில இருக்கற இதே எண்ணெயத்தான எடுக்குது? கொண்டாம்மா அத!"

பேச்சியம்மாள் நகரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடித்திருந்தது.

"காலுக்கு பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் மிதிக்கேன். கைக்கு ரப்பர் கிளவுஸ் போட்டும் இந்த லட்சணம். அதுல கிடக்கது பூரா சோடாக் காரம். துணி தாங்கும், ஜக்கு தாங்குமா அண்ணாச்சி?"

நாராயணப்பன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.  சென்னம்மா, "இத்தினி நாளா எங்கிட்ட ஏன் காட்டல நீ?" என்றாள்.

"பாத்திரம் கழுவுற லிக்விட்" என்றாள் மோகனப்ரியா. "பொம்பளைங்க வெறுங்கையால தொடறதுன்னு காரம் கம்மியாப் பண்ணியிருப்பாங்க. எண்ணெய்ப் பிசுக்குக்கே செஞ்சது. தண்ணியில நல்லாக் கலந்து போடுங்க. அதுக்கு முன்னாடி டாக்டர் சொன்ன மாதிரி எண்ணெய். பழைய எண்ணெய்க் கறை புது எண்ணெயில இளகி வந்துரும்." சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வீட்டில் ஒரு எமர்ஜென்சி என்றாள். யாருக்கு என்று அங்கே கேட்டார்கள் போல. "எங்க ஓனரோட... ஓனரோட பையனுக்கு சார்" என்று சொல்லி வைத்தாள். சென்னம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

அதன்பிறகு வேலை நடந்தது.

முதலில் முதுகில் ஒட்டியிருந்த திப்பியைப் பழைய சீப்பால் வாரி எடுத்தார்கள். பிறகு கடலை எண்ணெய். சென்னம்மா பொங்கலுக்கு ஆட்டி நிரப்பி வைத்திருந்த டின்னைத் தூக்கி வந்தாள். மாடசாமியும் நாராயணப்பனும் ஆளுக்கொரு பக்கம் நின்று தடவினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் எருது இருந்தது வசதியாகப் போயிற்று. கறுப்பு இளகி வடிந்தது. அதன்மேல் தவிட்டை அள்ளி அப்பித் துணியால் வழித்தார்கள். தன் மேலேயே தவிடு கொட்டுவதைப் பார்த்த ஜக்குவுக்கு ஒன்றும் புரியவில்லை. தின்னக் கொடுக்கவேண்டியதை ஏன் மேலே பூசுகிறார்கள்? கழுத்தை வளைத்து நாக்கை நீட்டியது. நீட்டும்போதெல்லாம் சென்னம்மா வெல்லத்தைக் காட்டி முகத்தைத் திருப்பினாள்.

லிக்விட்டுக்கு எங்கே போவது? பேச்சியம்மாள் வரிசை வீடுகளின் கதவைத் தட்டினாள். எல்லோரும் சமையல் மேடையில் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பாதி பாட்டில், கால் பாட்டில், தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்த பாட்டில். தெருமுனைக் கடைக்காரர் பாக்கெட்டுகளைச் சரமாகவே அவிழ்த்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் அண்டாவில் ஊற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கரண்டியால் கலக்கியபோது எலுமிச்சம்பழ வாசம் ஏரிக்கரை வரைக்கும் போனது.

அதன்பிறகு வேலை முழுக்கப் பேச்சியம்மாளின் கைக்கு வந்தது. மயிர் போகிற திசையில் மட்டும் தேய்க்கவேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே போகும் என்றாள். பருத்திக் கையுறை ஒன்றைத் துவைத்த மூட்டையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள், ஆளுக்கொன்று கொடுத்தாள். நுரை பொங்கியது. முதல் நுரை கறுப்பு, அடுத்தது காப்பி நிறம், அதற்கடுத்தது சாம்பல்.

அண்டாவில் இன்னொரு நடை கலக்கச் சென்னம்மா உள்ளே போனபோது ஜக்கு மிரண்டது. காதுக்குள் நுரை போய்விட்டது போல. தலையை உதறிப் பின்னங்காலைத் தூக்கியது.

"ஏ, ஒழுங்கா நில்லு! என்ன துள்ளு துள்ளுத? எருமயா நீ?" என்று பேச்சியம்மாள் அதட்டினாள். ஜக்கு இன்னும் மிரண்டது. மாடசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"தமிழ் புரியாதும்மா அதுக்கு!" என்று நாராயணப்பன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி கத்தினார். "சும்னிருன்னு சொல்லு! சும்னிரு!"

"சும்னிருடே!" என்றாள் பேச்சியம்மாள்.

பாதி கன்னடம், பாதி திருநெல்வேலி. ஜக்கு காதை விறைத்து அவளைப் பார்த்தது. யோசிப்பது போல இருந்தது. பிறகு காலைக் கீழே வைத்தது.

நாராயணப்பன் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோம் என்று தெரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பனி விலகி வெயில் வந்தது. மதியத்தில் மோட்டாருக்கு வருகிற கரண்ட் நின்றுபோனது. தொட்டித் தண்ணீரும் தீர்ந்தது. ஏரிக்கரைக் கைப்பம்பிலிருந்து குடம் குடமாகக் கைமாற்றி எடுத்து வந்தார்கள். தெருவெல்லாம் நுரை. வரிசைவீட்டு ஆட்களில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. சென்னம்மா எல்லோருக்குமாகக் களி கிண்டி, மொச்சைக்கொட்டைச் சாறு வைத்து, வாழையிலையைக் கிழித்துக் கையிலேயே கொடுத்தாள். பேச்சியம்மாள் களியை மென்று தின்றாள்.

"களிய மெல்லக் கூடாது, முழுங்கணும். எத்தினி தடவ சொல்றது?" என்றாள் சென்னம்மா.

"தொண்டைக்குள்ள போகமாட்டேங்குதே அக்கா."

"எலுமிச்சம்பழ வாசமா வருது, அதான்" என்று மோகனப்ரியா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டதும் சென்னம்மா, "போதும், வெளுத்துப்போச்சு, விட்டுடலாம்" என்றாள். நிஜமாகவே ஜக்கு வெள்ளையாகியிருந்தது. தொடையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்.

பேச்சியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "இனிமேத்தான் அக்கா வேலையே. நுரைய வரவெக்க எல்லாராலயும் முடியும். போகவெக்கணும். அலசாம விட்டா இந்தக் குளுருல காஞ்சு, சொரிஞ்சு, நாளைக்குப் புண்ணாப் போயிரும்." திரும்பத் திரும்ப அலசினாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரலால் ஒரு கொத்து மயிரைப் பிடித்து உருவிப் பார்த்தாள். வழுக்கியது. இன்னொரு குடம். வழுக்கியது. இன்னொரு குடம். குடம் சுமந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் விரலுக்கிடையில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. "ம்" என்றாள். அதற்கப்புறம்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து தோலையும் வாயையும் கண்ணையும் பார்த்தார். கெடுதல் ஒன்றுமில்லை, நாளைக்கு ஓடட்டும் என்றார். நாராயணப்பன் சாக்கையும் பழைய கம்பளியையும் ஜக்குவின் மேல் போர்த்திக் கட்டினார். மாடசாமி கொட்டிய எண்ணெயையெல்லாம் மண்ணோடு வழித்து மூட்டை கட்டினான். காலி பண்ணச் சொன்னதை யாரும் திரும்பச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஊர் கொள்ளவில்லை. கர்நாடகத்திலிருந்தெல்லாம் எருதுகளை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். கொம்பில் காகிதப்பூவும் பலூனும் கட்டி, அதன் நடுவில் ஜிகினா ஒட்டிய தட்டியைக் கட்டி அவிழ்த்துவிடுவார்கள். ஓடுகிற எருதை மறித்து, திமிலைப் பிடித்துத் தொங்கி, தட்டியை அவிழ்ப்பவன் வீரன். யார் கையிலும் தட்டி சிக்காமல் ஓடிக் கடக்கிற எருதுக்குத்தான் பேர்.

ஜக்குவைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கூட்டம் வாயைப் பிளந்தது. அப்படியொரு வெள்ளையை அந்த ஊர் பார்த்ததில்லை. தொடை மங்கல்மேல் சென்னம்மா மஞ்சளைக் குழைத்து ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

அப்போது முன்னால் நின்ற ஒருவன் மூக்கை உறிஞ்சினான். "அண்ணா, இந்த எருது சோப்பு வாசம் வருது."

"ஆமாண்ணா, நேத்து இவங்க தெருவுல நொரையா ஓடுச்சி!"

"யாரும் புடிக்கக் கூடாதுன்னு வழவழன்னு சோப்பு பூசியிருக்காங்க! இத விடக் கூடாது!"

சத்தம் பெரிதானது. விழாக் கமிட்டித் தலைவர் முனிவேல் வந்தார். நாராயணப்பனுக்கு அவர் பங்காளி முறை. அதனாலேயே அதிகமாக முறைப்பவர். "இன்னா நாராயணப்பா இது? எண்ண தடவி விட்டா எருத வெளிய அனுப்பறோம். சோப்புக்கும் அதே சட்டம்தான்."

நாராயணப்பனுக்கு முகம் சிவந்தது.  எருது கம்பெனி எண்ணெயில் விழுந்து புரண்டது என்று ஊருக்கு முன்னால் சொல்வதா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் கையில் சொம்புத் தண்ணீரோடு வந்தாள். ஆண்கள் நிற்கிற இடம் அது. யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

"சோப்பு போட்டது நான்தான்" என்றாள். "அழுக்காக் கெடந்துச்சு, கழுவுனேன். அலசியும் விட்டேன். தண்ணிய ஊத்தி நீங்களே கையால தேச்சுப் பாருங்க. எங்க வேணா தேயுங்க. ஒரு சொட்டு நுரை வந்துச்சுன்னா எருத வெளிய அனுப்புங்க."

நாராயணப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

முனிவேல் முதுகில் ஊற்றித் தேய்த்தார். திமிலில் தேய்த்தார். பிறகு, விடக்கூடாது என்று, அடிவயிற்றில் ஊற்றித் தேய்த்தார். உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். மயிரைப் பிடித்து இழுத்தார். கிறீச்சென்றது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நொரை இல்ல" என்றார். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய், "நல்ல வாசமாத்தான் இருக்கு. விடுங்கப்பா" என்றார்.

விட்டார்கள்.

ஜக்கு ஓடியதைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்துக் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போனது என்பார்கள். திமிலைப் பிடித்தவன் ஒருவன், பிடித்த வேகத்தில் பின்னால் வந்தவன்மேல் விழுந்தான். தட்டியில் யார் விரலும் படவில்லை. எல்லையைக் கடந்தும் ஜக்கு நிற்கவில்லை. கூட்டத்தின் விசிலுக்கு மிரண்டு, நேரே ஏரிக்குள் இறங்கி, வற்றிக் கிடந்த ஓரத்துச் சேற்றில் வயிறுவரை அழுந்தி நின்றது. வாலை ஒரு சுழற்றுச் சுழற்றித் தன் தலையிலேயே சேற்றை அடித்துக்கொண்டது.

சென்னம்மா கரையில் நின்று "அய்யோ" என்றாள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாடசாமி பேன்ட்டைக்கூட மடக்காமல் சேற்றில் இறங்கினான். "சும்னிருடே, சும்னிரு" என்று சொல்லிக்கொண்டே போய்க் கயிற்றைப் பிடித்தான். ஜக்கு அவனோடு நடந்து வந்தது. கரை ஏறியபோது எது எருது எது ஆள் என்று கொம்பை வைத்துத்தான் சொல்லமுடிந்தது.

விழா முடிந்த மறுநாள் காலையில், பேச்சியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் சொன்னதுதானே; அவர் வந்து கேட்கிறவரைக்கும் காத்திருக்க அவளுக்கு மனமில்லை. மாடசாமி டவுன் பக்கம் ஒரு அறை இருப்பதாகச் சொல்லியிருந்தான். தண்ணீர்த் தொட்டி இல்லாத அறை.

கொட்டகைப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நாராயணப்பன் கொத்தமல்லிப் பாத்திக்கு எதிர்ப்பக்கம், தரிசை ஒட்டி, ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் ஜல்லியும் கரித்தூளும் மணலும் குவித்திருந்தன. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"உன் தண்ணி எங்க இருந்து விழுது, வந்து காட்டு. இந்தக் குழிக்கு வாய்க்கா போடணும், வடிஞ்சு எறங்கிடும். டிரம்மு கொட்டகைப் பக்கமே இருக்கக் கூடாது. அந்த மூலையில தளம் போட்டுத் தரேன்."

பேச்சியம்மாள் சாக்கை விட்டுவிட்டுக் குழியருகே வந்தாள். "காலி பண்ணச் சொன்னீகளே அண்ணாச்சி?"

அவர் கடப்பாரையை இரண்டு தடவை ஓங்கிக் குத்தினார். பிறகு மண்ணைப் பார்த்தபடியே, "நான் ஒண்டியாத் தோண்டிக்கிட்டு இருக்கேன், உன் ஊட்டுக்காரன் இன்னும் தூங்கறானா?" என்றார்.

அவள் அறைக்குள் போய் மாடசாமியின் போர்வையை உருவினாள். அவன் எழுந்து உட்காருவதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே முதலில் குழிக்குப் போய்விட்டாள்.